4கே டிவி வாங்கியாச்சு, எந்தப் படம் போடுவது?

சிங்கப்பூரில், தெம்பனிஸில் இருக்கும் என் மாமா போன தீபாவளிக்கு 65 அங்குல டிவி ஒன்று வாங்கினார். சாப்பாடு முடிந்து, முறுக்குத் தட்டோடு எல்லாரும் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தோம். முதல் படம் அவர் தேர்வு. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஓர் அடிதடிப் படம். பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே ‘4கே’ என்று போட்டிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஓடியிருக்காது, அத்தை கேட்டுவிட்டார்: “என்னங்க இது, பழைய டிவியிலயே இதவிட நல்லாத் தெரிஞ்சுச்சே?” மாமா ரிமோட்டை எடுத்து ஷார்ப்னஸைக் கூட்டினார். கதாநாயகனின் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

அப்புறம் அத்தைக்காக 1960-களில் வந்த ஒரு வண்ணப்படத்தைப் போட்டோம். புதுப்பிக்கப்பட்ட பிரதி. அரசியாக நடித்தவரின் பட்டுக் கரையில் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அறுபது வருஷத்துப் படம் பளிச்சுன்னு இருக்கு, இருபது வருஷத்துப் படம் அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு. டிவியில ஏதும் கோளாறாடா?”

சில காலம் எடிட்டிங் வேலை பார்த்தவன் என்பதால் வீட்டில் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என் பக்கம்தான் திரும்பும். டிவியில் கோளாறு இல்லை. ‘எச்டி’, ‘4கே’ என்பதையெல்லாம் டிவியின் குணமாகவே பேசி நாம் பழகிவிட்டோம். கடையிலும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். “இதுல எந்தப் படம் போட்டாலும் 4கே ஆயிடும் அங்கிள்” என்று மாமாவிடம் ஒருவர் சொன்னாராம். படம் எதில் எடுக்கப்பட்டது, எந்தப் பிரதியிலிருந்து நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று விசாரித்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

பானையும் பாலும்

டிவியில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்குப் பெயர் பிக்சல். அகலவாக்கில் எத்தனை புள்ளி, உயரவாக்கில் எத்தனை புள்ளி என்ற கணக்குக்குப் பெயர் ரெசொல்யூஷன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அடுக்கி வைத்திருந்தோமே விசிடி, அதில் 352-க்கு 288, ஏறத்தாழ 100,000 புள்ளி. டிவிடியில் 720-க்கு 576, அதாவது 400,000-க்குக் கொஞ்சம் மேல். முழு எச்டி என்பது 1920-க்கு 1080, இரண்டு மில்லியன். வீட்டு டிவியில் 4கே என்றால் 3840-க்கு 2160, எட்டு மில்லியனைத் தாண்டும்.

இந்த எண்கள் சொல்வது பானையின் அளவை. உள்ளே ஊற்றுகிற பாலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தேக்காவில் தேங்காய் துருவி வாங்கி வந்து பால் பிழிகிறோம். முதல் பால் கெட்டி. அதே சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால். மூன்றாம் பாலை எவ்வளவு பெரிய பானையில் ஊற்றினாலும் அது மூன்றாம் பால்தான். சொதி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குறைந்த புள்ளி உள்ள படத்தைக் கொடுத்தால் டிவி சும்மா இருக்காது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். இதற்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். இப்போதைய டிவிகள் இதைக் கெட்டிக்காரத்தனமாகவே செய்கின்றன. ஆனால் ஊகம் ஊகம்தான். கேமரா பார்க்காத ஜரிகையை டிவி நெய்து கொடுக்காது. கடைக்காரர் சொன்ன ‘எல்லாம் 4கே ஆயிடும்’ இதுதான்.

முதல் பால் எது?

ஃபிலிமில் பிக்சல் கிடையாது. ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்புத் துகள்கள் படலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவைதான் படத்தை உண்டாக்குகின்றன. கேமராவுக்குள் ஓடிய அந்த முதல் சுருளுக்கு நெகட்டிவ் என்று பெயர். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை ஒழுங்காகக் கழுவித் துடைத்து, கட்டம் கட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) 4கே அளவில் ஸ்கேன் செய்தால் அந்த உழைப்பு வீண்போகாது. அவ்வளவு விவரம் அதில் உண்டு.

ஆனால் நெகட்டிவைத் தியேட்டருக்கு அனுப்ப முடியாது. வழக்கமான முறையில் நெகட்டிவிலிருந்து ஓர் இடைநகல், அதிலிருந்து இன்னோர் இடைநகல், அதிலிருந்துதான் தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு நகலிலும் கூர்மை கொஞ்சம் கழியும். ஆக, அந்தக் காலத்து ரசிகர்கள் தியேட்டரில் பார்த்தது நாலாம் பால். அதே படத்தின் நெகட்டிவை இன்று நேராக ஸ்கேன் செய்து தரும்போது, தாத்தா பார்த்ததைவிடத் தெளிவாகப் பேரன் பார்க்கிறான். அத்தை பார்த்த ஜரிகையின் ரகசியம் இதுதான்.

மாமாவின் அடிதடிப் படத்துக்கு நடந்தது வேறு. ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி சட்டென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சில விநாடி கழித்து இன்னொரு முறை. ஒரு ரீல் முடியப்போகிறது, அடுத்த புரொஜெக்டரை ஓடவிடு என்று ஆபரேட்டருக்குக் காட்டும் அடையாளம் அது. ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அது தியேட்டர் பிரிண்டில் இருக்கும் சமாச்சாரம். அது தெரிந்தால், நெகட்டிவ் பக்கமே யாரும் போகவில்லை, ஏதோ ஒரு பிரிண்டை எடுத்துப் படியெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் படி டிவிடிக் காலத்தில் செய்ததாக இருந்து, அதையே பெரிதாக்கி ‘4கே’ என்று ஒட்டியிருந்தால் அத்தை சொன்னதுதான் சரி.

நெகட்டிவை ஏன் தேடவில்லை? சில நேரம் சோம்பல், சில நேரம் செலவு, பல நேரம் நெகட்டிவே இல்லை. அசிட்டேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சிதையும். அப்போது காடி வாசனை அடிக்கும் என்பதால் அதற்கு ‘வினிகர் நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர், சென்னை இரண்டும் ஃபிலிமுக்கு ஆகாத ஊர்கள். ஏசி இல்லாத கிடங்கில் சில பத்தாண்டு போதும். இங்கே 1957-ல் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் பேய்ப்படம் அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டது. இன்று பார்க்க ஒரு பிரதிகூடக் கிடையாது. நன்றாக ஓடிய படங்களுக்கு வேறு வினையும் உண்டு. பிரிண்டுக்கு மேல் பிரிண்ட் எடுத்து நெகட்டிவே தேய்ந்துவிடும். ‘தி காட்ஃபாதர்’ பட நெகட்டிவுக்கே அந்த நிலை. 2008-ல் பெரும்பாடுபட்டு மீட்டார்கள்.

70 எம்எம் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரொட்டியில் ‘70 எம்எம்’ என்று இருந்தால் எல்லாம் ஒன்றில்லை. 1962-ல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ உண்மையிலேயே 65 மில்லிமீட்டர் நெகட்டிவில் எடுத்தது (70 எம்எம் பிரிண்டுக்கான நெகட்டிவின் அகலம் 65). பாலைவனத்துக் கானலில் ஒரு புள்ளியாகத் தொடங்கி ஒட்டகத்தில் ஒருவர் வருகிற காட்சியைப் பெரிய டிவியில் பாருங்கள், நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். 1975-ல் வந்த ‘ஷோலே’ 35-ல் எடுத்து 70-க்குப் பெரிதாக்கியது. அதனால் ஷோலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. பானையும் பாலும் வேறு வேறு என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த படமாகச் சொன்னேன்.

டிஜிட்டலில் எடுத்தால்?

டிஜிட்டல் கேமராவில் எடுத்தால் முதல் பாலின் கெட்டி அன்றே முடிவாகிவிடும். பிறகு கூட்ட முடியாது. 2002-ல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் பெரும்பகுதியைச் சாதாரண ரெசொல்யூஷன் வீடியோ கேமராவில் எடுத்தார்கள், காலியான லண்டன் தெருக்களை விறுவிறுவென்று எடுத்து முடிக்க வசதி என்று. அந்தச் சொரசொரப்பு படத்துக்கு அழகுதான். ஆனால் புது டிவியின் பெருமையைக் காட்ட அதைப் போட்டால் விருந்தாளிகள் எழுந்து போய்விடுவார்கள். 1990-களில் வீடியோ டேப்பில் எடுத்த தொலைக்காட்சி நாடகங்களுக்கும் இதே கதி. பாசத்தோடு பார்க்கலாம், தெளிவை எதிர்பார்க்கக் கூடாது.

2000-களில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. ஃபிலிமில் எடுத்து, அதைக் கணினியில் ஏற்றி, வண்ணமும் கிராஃபிக்ஸும் சேர்த்து, மறுபடி ஃபிலிமுக்கு மாற்றினார்கள். கணினியில் முடித்து வைத்த அந்தப் பிரதிதான் மாஸ்டர். பெரும்பாலும் அது 2கே, அதாவது அகலத்தில் 2048 புள்ளி. நெகட்டிவில் கூடுதல் விவரம் இருந்தாலும், கிராஃபிக்ஸும் வண்ணமும் 2கே-யில்தானே இருக்கின்றன? 4கே வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். யார் காசு போடுவார்கள்? அதனால்தான் 1960-க்கும் 2020-க்கும் நடுவில் 2000-களின் படங்கள் பள்ளத்தில் விழுந்தது போல் நிற்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு ‘எண் பெரிதாக இருந்தால்தான் படம் நன்றாக இருக்கும்’ என்று போய்விடாதீர்கள். 2012-ல் வந்த ‘ஸ்கைஃபால்’ படத்தை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் எடுத்த கேமராவின் அளவு 2.8கே-தான். ஷாங்காய் மாடியில் நியான் ஒளிக்கு எதிரே இரண்டு நிழல்கள் சண்டை போடும் காட்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல லென்ஸ், நல்ல வெளிச்சம், நல்ல கண். இவற்றுக்கு அப்புறம்தான் புள்ளிக் கணக்கு.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: 4கே என்பது பானை. நெகட்டிவிலிருந்து நேராக வந்த பழைய படம் அந்தப் பானையை நிரப்பும். பிரிண்டிலிருந்து வந்ததும், டேப்பில் எடுத்ததும் நிரப்பாது. நடுவில் உள்ள 2கே காலப் படங்கள் முழு எச்டி-க்கு நிறைவாக இருக்கும், அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

பிசுக்கு என்று நினைத்துத் துடைத்தால்

ஃபிலிம் படத்தில் முகத்தின் மீதும் வானத்தின் மீதும் மெல்லிய மணல் நெளிவது போல் தெரியும். அது கிரெய்ன், நான் சொன்ன வெள்ளித் துகள்களின் தடம். அழுக்கில்லை. தோலின் நுண்துளையும் முடியின் இழையும் அந்த மணலுக்குள்ளேதான் இருக்கின்றன. சிலர் அதை மென்பொருளால் துடைத்துவிடுகிறார்கள். கூடவே முகமும் போய்விடும். 2010-ல் வந்த ‘பிரிடேட்டர்’ புளூ-ரே வட்டு இதில் கெட்ட பெயர் வாங்கியது. தசை தசையாக நிற்கும் ஆட்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிட்டார்கள். பழைய தமிழ்ப் படம் ஒன்றில் நடிகர் கன்னம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால், ‘அடேயப்பா, என்ன சுத்தம்’ என்று மகிழாதீர்கள்.

30 கிலோ பெட்டி

சரி, மாஸ்டர் பிரமாதமாக இருக்கிறது. அது நம் வீட்டுக்கு எப்படி வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே படத்தில் 8.3 மில்லியன் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் சொல்ல 24 பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு; மில்லியன் பிட் ஒரு மெகாபிட்), விநாடிக்கு 24 கட்டம். பெருக்கினால் விநாடிக்கு 4,700 மெகாபிட்டுக்கு மேல் வரும். இணையம் வழியாகப் படம் தரும் ஓடிடி-யில் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். கிட்டத்தட்ட 300-ல் ஒரு பங்கு! விநாடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்ற இந்த அளவுக்குப் பெயர் பிட்ரேட்.

திருச்சிக்குக் கிளம்பும் சொந்தக்காரர் பெட்டி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 30 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். எது அங்கேயே கிடைக்குமோ அதை எடுத்து வெளியே வைப்பார். படத்தைச் சுருக்கும் மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. முந்தின கட்டத்தில் இருந்த சுவர் இந்தக் கட்டத்திலும் அப்படியே இருந்தால் ‘சுவர் அதே’ என்று குறித்துவிட்டு, அசைந்த உதட்டை மட்டும் அனுப்பும். இரண்டு பேர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் பெட்டியில் இடம் மிஞ்சும்.

மழை பெய்தால்? கோயில் திருவிழாவில் பூ இறைத்தால், நெருப்பு எரிந்தால், கடல் பொங்கினால்? ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது. பெட்டி பத்தாது. எதையாவது விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்போதுதான் படம் சதுரம் சதுரமாக உடைவதும், இருட்டில் கறுப்புச் சுவர் திட்டுத் திட்டாகத் தெரிவதும். நிறையப் பேர் ‘என் வைஃபை சரியில்லை’ என்று திட்டுகிறார்கள். நம் ஊரில் வீட்டுக்கு 1 ஜிகாபிட் ஃபைபர் சாதாரணம். குழாய் அகலமாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் திறந்துவிடுவதே அவ்வளவுதான்.

வட்டில் இந்தக் கஞ்சத்தனம் குறைவு. புளூ-ரே வட்டில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. 4கே வட்டில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் ஒரே படத்தின் சாதாரண முழு எச்டி புளூ-ரேயும் ஓடிடி 4கே-யும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், மழைக் காட்சியில் புளூ-ரே ஜெயிப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பத்துப் பதினைந்து படங்களை மட்டும் வட்டில் வைத்திருக்கிறேன். மற்றதற்கு ஓடிடி போதும்.

சோபா எங்கே கிடக்கிறது?

கண்ணுக்கும் ஒரு ரெசொல்யூஷன் உண்டு. ஒரு பாகையை 60 கூறாக்கினால் வரும் ஒரு கூறு, சராசரிக் கண் பிரித்தறியும் எல்லை. 65 அங்குல டிவியில் முழு எச்டி புள்ளி ஒன்றின் அகலம் முக்கால் மில்லிமீட்டர். சுமார் 2.6 மீட்டருக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தனியாகப் படாது. மாமா வீட்டு சோபா 3 மீட்டர் தள்ளி, எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முழு எச்டிக்கும் 4கே-க்கும் புள்ளியளவில் வித்தியாசமே தெரியாது.

அப்படியும் சில 4கே படங்கள் அங்கிருந்தே பிரமாதமாகத் தெரிகின்றனவே? அது எச்டிஆர் செய்யும் வேலை. ஒரு காட்சியில் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள தூரத்தை அகலமாக்கும் முறை அது. மத்தியானம் புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் நின்று ஒருவரைப் படம் எடுங்கள். முகம் தெரிந்தால் பின்னால் உள்ள வெயில் வெள்ளைத் தாளாகிவிடும். வெயில் சரியாக வந்தால் முகம் கரியாகிவிடும். நம் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறதல்லவா? எச்டிஆர் அதை நோக்கி ஓர் எட்டு வைக்கிறது. பழைய முறையில் படத்தின் உச்ச வெளிச்சத்தை 100 நிட் என்ற அளவுக்கு வைத்துத்தான் மாஸ்டர் செய்வார்கள். எச்டிஆரில் 1,000, சில படங்களுக்கு 4,000. நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. வண்ணமும் கூடுகிறது: ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் இருந்த இடத்தில் 1,024. அந்திவானம் படிக்கட்டு மாதிரி வரி வரியாகத் தெரியாமல் குழைந்து இறங்குவது அதனால்தான்.

தீபாவளி நேரத்து சிராங்கூன் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தோரண விளக்கு, கீழே இருட்டில் நகரும் தலைகள். இந்த மாதிரிக் காட்சி உள்ள படங்கள்தான் எச்டிஆரின் முழுப் பயனையும் காட்டும். அதே படத்தைத் திரைச்சீலை போடாமல் மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தால், இருட்டு முழுக்க எதிர் புளோக்கின் பிரதிபலிப்புத்தான் தெரியும். இரவுக் காட்சிப் படங்களை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் ஓடும் மாதிரிப் படம் ஏன் அப்படி மின்னுகிறது என்று கேட்பார்கள். தேன் சொட்டும், மாதுளை உடையும், கிளி பறக்கும். வெளிச்சம் கொட்டிக் கிடக்கும் காட்சிகள், பெட்டி நிறையப் பிட்ரேட், முகத்துக்கு முன்னால் டிவி. எந்தக் கதையும் அப்படி எடுக்கப்படுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ‘விவிட்’ அமைப்பை மாற்றி, ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ என்று இருப்பதைப் போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். அது சினிமாவைச் சீரியலாக்கிவிடும். ஷார்ப்னஸைத் தொடவே வேண்டாம்.

கறுப்புப் பட்டை

அத்தைக்கு இன்னொரு குறை: “காசு குடுத்துப் பெரிய டிவி வாங்கிட்டு, மேலயும் கீழயும் கறுப்பா விட்டு வச்சிருக்காங்க.” டிவியின் அகலம் உயரத்தைப் போல் 1.78 மடங்கு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-ல் வந்தது. சினிமாஸ்கோப்பின் அகலம் சுமார் 2.35 மடங்கு. அதை முழுசாகக் காட்டினால் திரையில் கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும். எதுவும் தொலையவில்லை.

தொலைவது இதற்கு நேர்மாறான இடத்தில். அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் 1.37 மடங்கு, கிட்டத்தட்டச் சதுரம். பக்கவாட்டில் கறுப்பு விடப் பிடிக்காமல், மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பிச் சில பிரதிகளை வெளியிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் படத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு பழைய படத்தில் பரதநாட்டியக் காட்சி பார்த்தேன். சலங்கை ஒலிக்கிறது, ஜதி சொல்கிறார்கள், ஆடுபவரின் கணுக்காலுக்குக் கீழே திரை முடிந்துவிடுகிறது! பாதமே இல்லாத பரதநாட்டியம். 4கே-யில் இருந்து என்ன பயன்? பழைய படம் பக்கவாட்டில் கறுப்போடு வந்தால் அதைத் தந்தவர்களை நம்பலாம்.

காதுக்கும் கொஞ்சம்

படத்துக்கு நெகட்டிவ் மாதிரி ஒலிக்கும் ஒரு மூலம் உண்டு. 1960-களின் தமிழ்ப் படங்களில் வசனம், பாட்டு, கதவு சாத்தும் சத்தம் எல்லாம் ஒரே தடத்தில் கலந்து கிடக்கும். அதற்கு மோனோ என்று பெயர். சாம்பாரைத் திரும்பப் பருப்பு, புளி என்று பிரிக்க முடியுமா? பின்னாளில் தியேட்டர்கள் 5.1-க்கு மாறின. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஒலிபெருக்கி, அந்த ‘.1’ அடிவயிற்றில் அதிரும் தாழ்ஒலிக்கு மட்டும். டால்பி அட்மாஸ் இதற்கு மேல் ஒரு படி: தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும், ஒவ்வொரு ஒலியும் அறையில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்போடு வரும்.

1995-ல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியில் முன்னோடிப் படங்களில் ஒன்று. 2007-ல் வந்த ‘சிவாஜி’ ஐந்து ஆண்டு கழித்து 3டி-யாக மறுபடி வந்தபோது அட்மாஸில் வந்தது. அப்படி மறுபடி கலக்க முடிந்ததற்குக் காரணம், வசனம் தனி, இசை தனி, ஓசை தனி என்று தடங்கள் கையில் இருந்ததுதான். 1965 படத்துக்கு ‘5.1’ என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு சின்னச் சோதனை: பாட்டு ஓடும்போது எழுந்துபோய்ப் பக்கவாட்டு ஒலிபெருக்கியில் காது வையுங்கள். முன்னால் கேட்ட அதே பாட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் எதிரொலியோடு கேட்டால் அது ஒட்டுவேலை. மூல மோனோவும் பட்டியலில் இருந்தால் அதைப் போடுங்கள். குரல் நேராக, நடுவிலிருந்து, சுத்தமாக வரும்.

புதுப் படத்தில் எல்லார் வீட்டிலும் கேட்கும் புலம்பல், “பேசுறது கேக்கல, சண்டை வந்தா வீடே அதிருது.” 5.1-ல் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்குத்தான் போகும். டிவிக்குள் நடு என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. உள்ள இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளும் சுவரையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கும். ஆறு தடத்தை அந்த இரண்டில் திணித்தால் வசனம் அமுங்கத்தான் செய்யும். டிவிக்குக் கூடுதலாக 300 வெள்ளி போடுவதைவிட, நடு ஒலிபெருக்கி உள்ள ஒரு சவுண்ட்பாருக்கு அதைப் போடுங்கள் என்பேன். அதுவும் இல்லையென்றால் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ தடத்தையோ ‘நைட் மோடு’ என்பதையோ தேர்ந்தெடுக்கலாம். பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்ன சத்தத்தைக் கூட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார்.

ஒலியைச் சுருக்கினால், பழைய படத்துக்கு மூலத் தடம், புதுப் படத்துக்கு நடு ஒலிபெருக்கி. வட்டில் ஒலி சேதாரமில்லாமல் வரும், ஓடிடி-யில் சுருங்கித்தான் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சரி, எதைப் போடலாம்?

புது டிவியில் முதல் நாள் போட எனக்குப் பிடித்தது, பகல் வெளிச்சத்தில், பரந்த நிலத்தில் எடுத்த படம். 65 மில்லிமீட்டரில் எடுத்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணினி அனிமேஷன் தோற்காது. கிரெய்ன் இல்லை, ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், பெட்டிக்குள் எளிதாக அடங்கும், அதனால் ஓடிடி-யிலேயே நன்றாக வரும். மழை, புகை, நள்ளிரவு என்று எடுத்த படம் மனசுக்குப் பிடித்ததாக இருந்தால் வட்டைத் தேடலாம், அல்லது தியேட்டரிலேயே பார்த்துவிடலாம்.

பழைய தமிழ்ப் படத்துக்கு நான் பார்ப்பது ஒன்றிரண்டுதான். ‘நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்’ என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்கிறாரா? வெறும் ‘4கே’, ‘எச்டி ரீமாஸ்டர்’ என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அப்புறம், முதல் 20 நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பது. நெருக்கமாக ஒரு முகம் வரும்போது நிறுத்தி, புருவ முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். நின்றுகொண்டு ஆடும் காட்சியில் பாதம் இருக்கிறதா? வலது மேல் மூலையில் புள்ளி வருகிறதா?

பொங்கலுக்கு மறுபடி தெம்பனிஸ் போனேன். சோபா ஒரு முழம் முன்னால் நகர்ந்திருந்தது. டிவியில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருக்க, மாமா திரையைப் பார்க்காமல் அதன் மூலையையே முறைத்துக்கொண்டிருந்தார். “வந்துச்சுடா!” என்று திடீரென்று கத்தினார். “புள்ளி! ரெண்டு தடவ!” கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். அத்தை ரிமோட்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.